ஐந்து நாளில் ஒரு ஜோடி குதிமுள்: ஆபிலீன் பக்கத்துப் பட்டறை வகுப்பு

மேற்கு டெக்சாஸில், ஆபிலீன் ஊரிலிருந்து வடக்கே முக்கால் மணி நேரம் போனால், பருத்திக் காட்டு ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. அங்கே நடக்கும் ஐந்து நாள் வகுப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன். குதிரை ஓட்டுகிறவர்கள் பூட்ஸின் குதிகாலில் மாட்டிக்கொள்ளும் ஸ்பர், அதாவது குதிமுள், ஒரு ஜோடியை வெறும் இரும்புப் பட்டையிலிருந்து தொடங்கி முழுவதும் செய்து முடிக்கச் சொல்லித் தருகிறார்கள். ஓர் ஆசிரியர், ஒரு மாணவர், அவ்வளவுதான். போன மார்ச்சில் போய் வந்தேன். கட்டணம் 1,700 டாலர். இரும்பு, வெள்ளித் தகடு, கேஸ், பிளேடுகள் எல்லாம் அதில் அடக்கம். தங்குமிடமும் சாப்பாடும் நம் பொறுப்பு. பணத்துக்குத் தகுந்த வகுப்பு என்றே சொல்வேன். குறைகளும் உண்டு, அவற்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

ஆசிரியரின் பெயரை எழுதவில்லை. எழுதட்டுமா என்று கேட்டேன். எழுபது வயதைத் தாண்டியவர், வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பேருக்குமேல் சொல்லித்தர முடியாது, தெரியாதவர்கள் அழைத்தால் பதில் சொல்லவும் பொறுமையில்லை, வேண்டாம் என்றார். நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில், எனக்கு ஏன் இந்த வேலை. என் மகளுக்குப் பதினாறு வயது. டாலஸுக்கு வடக்கே ஒரு லாயத்தில் மூன்று வருடமாக வெஸ்டர்ன் முறையில், அதாவது கௌபாய்கள் ஓட்டும் பாணியில், குதிரை ஓட்டுகிறாள். அவளுக்குச் சொல்லித்தருகிறவர் போன வருடம்தான், "கால் இப்போது ஆடாமல் நிற்கிறது, இனி ஸ்பர் போடலாம்" என்று அனுமதி கொடுத்தார். கடையில் பெண்கள் அளவு என்று இருந்த ஜோடியை வாங்கினோம். அவள் பூட்ஸ் குறுகலானது. பட்டை குதிகாலில் பிடிக்காமல் தொங்கியது. இரண்டு சுற்று ஓட்டுவதற்குள் ஒரு பக்கம் சரிந்து சக்கரம் தரையைப் பார்த்தது. வேறொரு ஜோடி வாங்கினோம், அதுவும் அப்படித்தான். கையால் அழுத்திக் குறுக்கினால் பட்டையின் வளைவு கோணி, குதிகாலின் ஓர் ஓரத்தில் மட்டும் உட்கார்ந்தது.

நான் கோவையில் ஒரு பொற்கொல்லரின் மகள். அப்பாவின் பட்டறையில், உமி போட்டு நெருப்பு வளர்க்கும் உமியோட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வளர்ந்தவள். இங்கே என் வேலை கணினி முன்னால்தான். ஆனால் ஆறு வருடமாகக் காரேஜில் ஒரு மேசை போட்டு, வெள்ளியில் சின்னச் சின்ன நகைகள் செய்து வருகிறேன். அதனால் கடைப் பொருள் சரிப்படவில்லை என்றதும் நாமே செய்தால் என்ன என்று தோன்றியது. வீடியோ பார்த்து ஒன்று செய்தேன், நன்றாகவே வந்தது. அப்புறம் இரண்டாவதைச் செய்தபோதுதான் விஷயம் புரிந்தது. இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே கை செய்தது போலவே இல்லை. ஒன்றின் தண்டு கொஞ்சம் கீழே சாய்ந்திருந்தது, ஒன்றின் பட்டை தடித்திருந்தது. சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். நாற்பது கிராம் வித்தியாசம்.

அப்பா தோடு செய்யும்போது ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொட மாட்டார். இரண்டையும் சேர்த்தே நகர்த்திக்கொண்டு போவார். முடிந்ததும் தராசின் இரண்டு தட்டிலும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பார். தங்கத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்த அந்தப் பழக்கம், இரும்பு என்றதும் ஞாபகம் வரவில்லை. இந்த வகுப்பின் உயிரே அந்தப் பழக்கம்தான். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதத் தோன்றியது.

குதிமுள்ளைப் பார்த்திராதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். இதில் முக்கியமாக மூன்று பாகம். குதிகாலை அணைத்து நிற்கும் லாட வடிவப் பட்டை ஒன்று. அதிலிருந்து பின்னால் நீளும் தண்டு ஒன்று, அதை ஷாங்க் என்பார்கள். தண்டின் நுனியில் பிளவு போட்டு, அதற்குள் சுழலும் முள் சக்கரம் மூன்றாவது, அது ரவல். பட்டையின் இரண்டு முனையிலும் பொத்தான் போல இருப்பதில் தோல் வாரை மாட்டி, பூட்ஸின் மேல் கட்டிக்கொள்வார்கள். சிலர் சக்கரம் சுழலும் அச்சு ஊசியில் பேரிக்காய் வடிவத்தில் சின்னக் குண்டுகள் இரண்டைத் தொங்கவிடுவார்கள், ஜிங்கிள் பாப் என்று பெயர். நடந்தால் சக்கரத்தில் பட்டுக் கிணுகிணுக்கும். அதற்கு வேறு உபயோகம் கிடையாது, சத்தத்துக்காக மட்டும்தான். கொலுசு போட்டு வளர்ந்தவளுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

முள் என்றதும் எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது. சின்ன வயதில் வண்டிக்காரர்கள் நுனியில் ஆணி வைத்த தாற்றுக்கோலால் மாட்டைக் குத்துவதைப் பார்த்து அழுதிருக்கிறேன். குதிமுள் சரியாகச் செய்து சரியாகப் பயன்படுத்தினால் அப்படியல்ல. அது குத்துவதற்கு இல்லை, காலின் சொல்லைக் கொஞ்சம் தெளிவாகச் சொல்வதற்கு. முனைகள் குறைவாகவும் கூராகவும் இருந்தால்தான் கொடுமை. முனைகள் அதிகமாகவும் மழுங்கலாகவும் இருந்தால் அழுத்தம் பரவிவிடும். சக்கரம் தடையில்லாமல் சுழலவும் வேண்டும், நின்றுபோன சக்கரம் உடலில் உரசும். இதையெல்லாம் பெரியவர் முதல் நாள் காலையிலேயே, உலை மூட்டுவதற்கு முன்பே சொன்னார். பேச்சோடு நிறுத்தவில்லை. ஒரு பழைய சக்கரத்தை என் முன்கையின் உட்பக்கத்தில் வைத்து அழுத்தி உருட்டினார். "குதிரையின் தோல் ஈ உட்கார்ந்தால் உணரும் தோல். உன் கையில் கோடு விழுந்தால் அந்தச் சக்கரம் இந்தக் கொட்டகையை விட்டு வெளியே போகாது" என்றார். அந்த இடத்திலேயே எனக்கு அவர் மேல் மரியாதை வந்துவிட்டது.

கொட்டகையின் ஒரு சுவர் முழுக்கப் பழைய குதிமுட்கள். அவற்றைப் பார்க்க மட்டுமே அரை நாள் தனியாக வேண்டும். உட்பக்கம் நங்கூர முத்திரை போட்ட ஒரு ஜோடி, கனெக்டிகட் மாநிலத்து நார்த் அண்ட் ஜட் தொழிற்சாலையில் வார்த்தது. அதற்குப் பக்கத்தில் கையால் அடித்த டெக்சாஸ் ஜோடிகள். இந்த மாநிலத்தில் குதிமுள் செய்தவர்களில் பெரிய பெயர் மெக்செஸ்னி. கெய்ன்ஸ்வில்லில் பட்டறை வைத்திருந்து, பிறகு ஓக்லஹோமாவின் பால்ஸ் வேலிக்குப் போனவர். தண்டைப் பெண்ணின் கால் வடிவத்தில், முழங்காலும் காலணியுமாகச் செய்யும் பாணியை அவர் பெயரோடு சேர்த்துத்தான் சொல்கிறார்கள். எல் பாசோவில் கெல்லி. நாக்ஸ் கவுண்டியில் கில்லிலேண்ட் என்ற சிற்றூரில் அடால்ஃப் பேயர்ஸ். பேயர்ஸ் தானாகவே கற்றுக்கொண்டவர். பெரியவர் அவர் பெயரைச் சொல்லும்போதெல்லாம் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. பழைய கார் அச்சுத்தண்டுகளை அடித்துக் குதிமுள் ஆக்கிய காலம் அது.

டெக்சாஸ் பாணிக்கும் கலிபோர்னியா பாணிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கையில் கொடுத்துத்தான் விளக்குகிறார். கலிபோர்னியாவில் ஸ்பானிய, மெக்சிகோ வழியில் வந்த வேலை. இரும்பில் பள்ளம் தோண்டி வெள்ளியை அதற்குள் அடித்து இறக்குவார்கள், விரலால் தடவினால் மேடு பள்ளம் தெரியாது. டெக்சாஸில் உருவம் எளிமை. வெள்ளியோ நிக்கல் சில்வரோ தகடாக வெட்டி மேலே வைத்துப் பற்றவைப்பார்கள், விரலுக்குத் தட்டுப்படும். நிக்கல் சில்வரில் பெயரில்தான் வெள்ளி, உள்ளே செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான். வகுப்பில் இரண்டும் தருகிறார்கள். நான் 925 வெள்ளியையே எடுத்துக்கொண்டேன், பழகிய பொருள் என்பதால்.

முதல் நாள் வேலை, பட்டை. முதலில் பூட்ஸை வாங்கி, குதிகாலின் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்புக்கு மேலே அகலத்தை அளக்கிறார். அந்த விளிம்பு குதிமுள் உட்காருவதற்கென்றே வைத்தது. என் மகளின் பூட்ஸுக்கு உள்அகலம் இரண்டே முக்கால் அங்குலம் வந்தது. ஓர் அங்குல அகலமும், அங்குலத்தில் பதினாறில் மூன்று பங்கு தடிப்பும் கொண்ட 1018 ரக மென்னிரும்புப் பட்டையில் ஒன்பது அங்குலத் துண்டு இரண்டு. ஒன்றன்மேல் ஒன்றாக வைஸில் கடித்து, ஒரே அரத்தால் இரண்டின் முனையையும் சமமாக்கச் சொன்னார். இரண்டும் ஒரே நேரத்தில் உலைக்குள் போகும். ஒன்று ஆரஞ்சு நிறத்துக்கு வந்ததும் எடுத்து, உருளை அச்சில் சுற்றி வளைத்து, உடனே அடுத்ததை எடுக்க வேண்டும். "முதலாவதை ரசித்துப் பார்க்க நிற்காதே" என்று இரண்டு தடவை சொன்னார். நின்றால் இரண்டாவது வேறு சூட்டில் வளையும், வேறு வளைவு வரும். நான் வீட்டில் செய்த தவறு அதுதான். முதலாவதை முடித்து, பாலிஷ் போட்டு, படம் எடுத்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் இரண்டாவதைத் தொட்டேன்.

அன்று மாலை, பழைய முறையில் ஒரே துண்டில் குதிமுள் அடிப்பது எப்படி என்று செய்து காட்டினார். தடித்த கம்பியின் ஒரு முனையைச் சூடாக்கி, உளியால் பிளந்து, இரண்டு கிளையாக விரித்து, அந்தக் கிளைகளையே பட்டையாகச் சுற்றுவது. பட்டைக்கும் தண்டுக்கும் நடுவே ஒட்டே கிடையாது. பார்க்க மிக அழகான வேலை. ஆனால் ஐந்து நாள் வகுப்பில் மாணவர் கையால் வராது, அதனால் காட்டுவதோடு சரி. அந்த ஒன்றரை மணி நேரத்தைக் கடைசி நாளுக்குக் கொடுத்திருக்கலாம் என்று பிறகு தோன்றியது.

இரண்டாம் நாள் தண்டு. அரை அங்குலத் தடிப்பு இரும்பில் வடிவத்தை வெட்டி, அரத்தால் செதுக்குவது. பெல்ட் கிரைண்டர் இருக்கிறது, ஆனால் முரட்டு வேலைக்கு மட்டும்தான் விடுகிறார். மீதி முழுக்க அரம். அரைவட்ட அரத்தைத் தள்ளும்போது கொஞ்சம் திருப்பிக்கொண்டே தள்ளச் சொல்லிக் கொடுத்தார், வளைவில் படிக்கட்டு விழாது. எவ்வளவு நீளத் தண்டு என்பதற்கும் காரணம் உண்டு. கால் நீளமானவர்களுக்குக் குதிகால் குதிரையின் வயிற்றுக்குக் கீழே தொங்கும், அவர்களுக்குக் காலைத் தூக்காமல் எட்டுவதற்கு நீளமான தண்டு வேண்டும். என் மகள் குட்டை. இரண்டு அங்குலத்துக்குக் கீழேயே நிறுத்தினோம்.

சக்கரம் உட்காரும் பிளவை வெட்டுவதற்கு அவர் காட்டிய வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. ஹாக்சா சட்டத்தில் மூன்று பிளேடுகளைச் சேர்த்து மாட்டிவிடுகிறார். ஒரே இழுப்பில் அகலமான, நேரான, இரண்டு பக்கமும் இணையான பிளவு விழுகிறது. பிறகு தட்டை அரத்தால் நாலு இழுப்பு. நான் வீட்டில் இரண்டு கோடு வெட்டி நடுவே உளி வைத்துத் தட்டி, பக்கச் சுவர் கோணலாகி, சக்கரம் தள்ளாடிச் சுற்றியது நினைவுக்கு வந்தது. இந்த ஒரு தந்திரத்துக்கே நூறு டாலர் கொடுக்கலாம்.

சாயங்காலம் தண்டைப் பட்டையோடு சேர்ப்பது, டிக் (TIG) என்ற மின்சார வெல்டிங்கில். எனக்கு வெல்டிங் புதிது. உதிரித் துண்டுகளில் இரண்டு மணி நேரம் பழகவிட்டார். பட்டையில் நடுக்கோடு போட்டு, தண்டின் சாய்வைச் சரிபார்க்க மரத்தில் ஓர் அச்சு வைத்திருக்கிறார். இரண்டையும் அதே அச்சில் இறுக்கினால் கோணம் மாற வழியே இல்லை. முதலாவதை நான் வெல்டிங் செய்தேன். உருகிய குட்டை கொஞ்சம் ஓடியது, ஆனால் பிடித்துக்கொண்டது. இரண்டாவதில் என் கை நடுங்கியதைப் பார்த்ததும் டார்ச்சைக் கையிலிருந்து வாங்கி அவரே முடித்துவிட்டார். இது எனக்கு உண்மையாகவே வருத்தம். ஒரு நாள் முழுக்க "இரண்டும் ஒரே கையால்" என்று சொல்லிவிட்டு, என் ஜோடியில் ஒரு பற்று என் கை, இன்னொரு பற்று அவர் கை. மறுநாள் காலை அவரிடமே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சொன்னது சரி, நான் பொறுத்திருக்க வேண்டும்" என்றார். போகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: கெட்டுப்போனாலும் பரவாயில்லை, என் கையாலேயே முடிக்கிறேன் என்று.

மூன்றாம் நாள் சக்கரம். ஐந்து நாளில் எனக்கு மிகப் பிடித்த நாள். இரண்டரை மில்லிமீட்டர் தகட்டில் இரண்டு வட்டம் வெட்டி, நடுவில் துளையிட்டு, ஒரே போல்ட்டால் இரண்டையும் சேர்த்து இறுக்கிவிடுகிறோம். அதற்குப் பிறகு அது ஒரே பொருள். எதைச் செய்தாலும் இரண்டுக்கும் சேர்ந்தே நடக்கும். பத்து முனை வைத்தேன். கவராயத்தால் வட்டத்தைப் பத்தாகப் பிரிக்க ஒரு கணக்கு: ஆரத்தை 0.618 ஆல் பெருக்கினால் முனைக்கு முனை தூரம் கிடைக்கும். என் சக்கரத்தின் ஆரம் 22 மி.மீ., அப்படியென்றால் 13.6 மி.மீ. கவராயத்தை அந்த அளவில் வைத்து வட்டத்தைச் சுற்றி நடத்தினால் பத்தாவது அடி புறப்பட்ட இடத்திலேயே விழ வேண்டும். எனக்கு அரை மில்லிமீட்டர் தள்ளி விழுந்தது. அதைப் பத்துக்கும் பங்கிட்டுச் சரிசெய்ய மூன்று தடவை சுற்றினேன். அவர் அவசரப்படுத்தவே இல்லை.

முனைகளுக்கு நடுவே துளை போட்டு, விளிம்பிலிருந்து துளைவரை ரம்பத்தால் இரண்டு சாய்வு வெட்டு. பிறகு அரம். இருபது சரிவு, ஒவ்வொன்றுக்கும் எண்ணி ஒரே அளவு இழுப்பு. கடைசியில் எல்லா முனையையும் உருட்டி மழுக்கி, எமரி தாளால் வழவழப்பாக்கி, முன்கையில் உருட்டிப் பார்த்தேன். ஒரு முனை மட்டும் லேசாகக் கீறியது. எது என்று தெரியவில்லை. முனைகளில் பேனா மையைத் தடவி மறுபடி உருட்டி, கோடு விழுந்த இடத்தை வைத்துக் கண்டுபிடித்தோம். அது அவருக்கும் அந்த நேரத்தில் தோன்றிய யோசனைதான். இரண்டு பேருக்கும் சந்தோஷம்.

நான்காம் நாள் வெள்ளி. இங்கே நான் ஏற்கெனவே கொஞ்சம் தெரிந்தவள், அதனால் நிதானமாகப் பார்க்க முடிந்தது. உருகி ஓடி இரண்டு உலோகத்தை ஒட்டவைக்கும் கலவையை நகைத் தொழிலில் நாம் பொடி என்போம், அதைத்தான் இங்கே சில்வர் சோல்டர் என்கிறார்கள். அவர் பயன்படுத்துவது 56 சதவீதம் வெள்ளி கலந்தது, காட்மியம் இல்லாதது. 618 டிகிரியில் இளக ஆரம்பித்து 652 டிகிரி செல்சியஸில் முழுவதும் ஓடும். 925 வெள்ளி இளகத் தொடங்குவது 800 டிகிரிக்கு மேலேதான், அதனால் நடுவில் போதுமான இடைவெளி இருக்கிறது. பழைய இருப்பில் காட்மியம் கலந்த சோல்டர் இருந்தால் தொடவே கூடாது, புகை நுரையீரலைக் கெடுத்துவிடும் என்று ஒரு டப்பாவைத் தனியாக எடுத்துக் காட்டினார். துத்தநாகம் பூசிய இரும்பையும் உலைப் பக்கம் கொண்டு வர விடுவதில்லை. இந்த எச்சரிக்கையெல்லாம் உள்ள மனிதர், அந்தக் கொட்டகையில் ஒரு நல்ல புகைபோக்கி விசிறி வைக்காமல் இருப்பதுதான் எனக்குப் புரியவில்லை. இரண்டு கதவைத் திறந்து வைக்கிறார், காற்றடித்தால் சரி, அடிக்காவிட்டால் வெல்டிங் புகையும் அரைத்த தூசும் உள்ளேயே நிற்கிறது. நான் இரண்டாம் நாளிலிருந்து என் சொந்த வடிகட்டி முகமூடியைப் போட்டுக்கொண்டேன். வகுப்பின் பெரிய குறை இதுதான்.

நான் வரைந்து கொண்டுபோன வடிவம், ஒரு கொடியும் மூன்று மாவிலையும். ஒரே காகித அச்சை இரண்டு தகட்டிலும் ஒட்டப்போனேன். கையைப் பிடித்து நிறுத்தினார். குதிமுள்ளில் வெள்ளி வெளிப்பக்கத்துக்குத்தான். இடது காலின் வெளிப்பக்கமும் வலது காலின் வெளிப்பக்கமும் கண்ணாடிப் பிம்பம் போல. ஒரே அச்சை இரண்டிலும் வைத்தால் ஒரு காலில் கொடி முன்னோக்கி ஓடும், இன்னொன்றில் பின்னோக்கி ஓடும். காகிதத்தை ஒளியில் பிடித்துத் திருப்பி வரைந்து ஒட்டினோம். வீட்டில் தனியாகச் செய்திருந்தால் வெட்டி முடித்த பிறகுதான் எனக்கு இது தெரிந்திருக்கும்.

நூல் போன்ற பிளேடில் வெட்டி, ஓரம் தேய்த்து, வெண்காரப் பசை தடவி, தகட்டைக் கம்பியால் கட்டிப் பட்டையில் வைத்துத் தீ. அப்பா சொல்வது காதில் கேட்டது: "கண்ணு, தீயைப் பொருளுக்குக் காட்டு, பொடிக்குக் காட்டாதே." இரும்புக்கு அடியிலிருந்துதான் சூடேற்ற வேண்டும். இரும்பு சூடானால் பொடி தானாக இழுத்துக்கொண்டு ஓடும். இத்தனையும் தெரிந்தும் மாவிலை ஒன்றில் சுடர் மேலே பட்டுவிட்டது. நகையில் பழகிய கைக்கு, இவ்வளவு கனமான இரும்பு சூட்டை எவ்வளவு நேரம் விழுங்கும் என்ற கணக்கு இல்லை. பொறுமை இழந்து சுடரை மேலே கொண்டுபோனேன், மெல்லிய நுனி சுருண்டு உருகியது. அந்த இலையை அறுத்தெடுத்து, புதிதாக ஒன்றை வெட்டி வைத்தோம். கூடுதல் வெள்ளிக்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.

நகை செய்கிறவர்களுக்கு இன்னொரு குறிப்பு. வேலை முடிந்ததும் பழக்கத்தில் அமிலத் தொட்டியில் போட்டுவிடாதீர்கள். பயன்படுத்திய அமிலத்தில் செம்பு கரைந்திருக்கும், இரும்பு உள்ளே போனால் அந்தச் செம்பு பொருள்மேல் படிந்து வெள்ளியெல்லாம் சிவந்துவிடும். வெந்நீரில் ஊறவைத்தாலே கண்ணாடி போல இறுகிய வெண்காரம் கழன்றுவிடும்.

ஐந்தாம் நாள் அவசரமாக ஓடியது. காலையில் இரண்டரை மணி நேரம் செதுக்கு வேலை. சிற்றுளியை எந்தக் கோணத்தில் தீட்டுவது, எப்படித் தள்ளுவது, வளைவில் உளியைத் திருப்பாமல் பொருளைத் திருப்புவது எப்படி என்று சொல்லித்தந்தார். ஏற்கெனவே உளி பிடித்த எனக்கே போதவில்லை. இலை நரம்புகளை மட்டும் போட்டேன், கொடியை வெறுமனே விட்டுவிட்டேன். செதுக்குவது கற்க வேண்டும் என்பதற்காகவே யாராவது போவதாக இருந்தால், இந்த வகுப்பு சரியான இடமில்லை. அதற்கென்று தனியாகக் கற்றுக்கொண்டு வந்தால் மற்ற நாட்களின் பலன் இன்னும் கூடும்.

மதியத்துக்குமேல் பொத்தான்களும் சக்கர ஊசியும். ஊசிக்கு மென்னிரும்புக் கம்பிதான், இரண்டு பக்கமும் தட்டிக் குமிழாக்குகிறோம். அதிகமாகத் தட்டினால் தண்டின் இரண்டு கிளையும் நெருங்கிச் சக்கரம் இறுகிவிடும். அதற்காகச் சக்கரத்தின் இரண்டு பக்கமும் மெல்லிய அட்டைத் துண்டு செருகி, தட்டி முடித்ததும் தண்ணீரில் ஊறவைத்து உருவிவிட வேண்டும். அந்த அட்டையின் தடிப்பு அளவுக்கு இடைவெளி மிஞ்சும். விரலால் ஒரு சுண்டு சுண்டினேன். இரண்டு சக்கரமும் சத்தமில்லாமல் வெகு நேரம் சுற்றி நின்றன. ஜிங்கிள் பாப் வேண்டுமா என்று கேட்டார். மகளின் குதிரை சத்தத்துக்கு மிரளும் குதிரை, அதனால் ஆசை இருந்தும் வேண்டாம் என்றேன்.

கிளம்புவதற்கு முன் தராசு கேட்டேன். எதற்கு என்று புரியாமல் தபால் எடை போடும் தராசைக் கொண்டுவந்தார். ஒன்று 268 கிராம், மற்றது 271. மூன்று கிராம், அதில் கொஞ்சம் அந்தப் புது இலையின் அடியில் கூடுதலாக ஓடிய பொடி. அப்பா எப்படி எடை பார்ப்பார் என்று சொன்னேன். அவர் எழுந்து போய், சுவரிலிருந்து தன்னுடைய பழைய ஜோடிகளை ஒவ்வொன்றாக எடுத்து வந்து தராசில் வைக்க ஆரம்பித்துவிட்டார். நான் புறப்படும்போது ஏழாவது ஜோடியில் இருந்தார்.

மகள் இப்போது ஆறு வாரமாக இந்த ஜோடியைத்தான் போடுகிறாள். பட்டை சரியவில்லை. முதல் நாள் குதிரை ஓட்டும் வளையத்தின் வேலியோரம் நின்று பார்த்தேன். குதிகாலைக் கொஞ்சம் உள்ளே திருப்பித் தொட்டதும் குதிரையின் இடது காது மட்டும் பின்னால் திரும்பியது, பிறகு அடி எடுத்து வைத்தது. வாலை அடிக்கவில்லை, உடம்பை இறுக்கவில்லை. அவளுக்குச் சொல்லித்தருகிறவர் இறங்கச் சொல்லி, குதிரையின் விலாவைக் கையால் தடவிப் பார்த்தார். மயிர்கூடக் கலையவில்லை. எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார்.

சரி, போக விரும்புகிறவர்களுக்குச் சில விவரங்கள். ஃபோர்ட் வொர்த்தின் ஸ்டாக்யார்ட்ஸ் பகுதியில் சேணமும் தோல் வாரும் செய்கிற பழைய கடைகள் இருக்கின்றன. அங்கே ஸ்பர் செய்யச் சொல்லித்தருகிறவர்கள் யார் என்று நேரில் போய்க் கேட்டால் இரண்டு மூன்று பெயர் கிடைக்கும். எனக்கு அப்படித்தான் கிடைத்தது. டாலஸிலிருந்து ஆபிலீன் 180 மைல், ஐ-20 சாலையில் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆபிலீனில் தங்கித் தினமும் போய் வருவதுதான் வசதி. கொட்டகைக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை எதுவும் இல்லை, சைவம் சாப்பிடுகிறவர்கள் மதியத்துக்குக் கட்டிக்கொண்டு போக வேண்டும். நான் கொண்டுபோன எலுமிச்சை சாதத்தில் இரண்டாம் நாளிலிருந்து பாதி பெரியவருக்குப் போனது. கோடையில் போகாதீர்கள், தகரக் கூரைக்கு அடியில் உலையும் எரிந்தால் நிற்க முடியாது. பருத்தித் துணியில் முழுக்கைச் சட்டை, மூடிய தோல் காலணி, சொந்த முகமூடி, கண்ணாடி போட்டுப் படிக்கிறவர்கள் அதையும் மறக்காமல் கொண்டுபோங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே, குதிமுள்ளை யார் போடப்போகிறாரோ அவருடைய பூட்ஸ். ஒன்று போதும் என்று நினைத்து நான் இடது பூட்ஸை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். "வலது எங்கே?" என்றுதான் அவர் முதலில் கேட்டார். அன்று இரவே என் கணவர் அதை எடுத்துக்கொண்டு காரில் வந்தார். அளந்து பார்த்தால் வலது குதிகால் இடதைவிட ஒன்றரை மில்லிமீட்டர் அகலம்.